பெயின்ட் எங்கே உரியும்? மொடல் விமானமும் எங்கள் வீட்டுக் கேள்விகளும்

பிளாஸ்டிக் விமானம் ஒன்றை நாட்கணக்கில் ஒட்டி, வடிவாகப் பெயின்ட் அடித்து, கடைசியில் வேண்டுமென்றே அதை அழுக்காக்குவது. இதைச் சொன்னால் எங்கள் அம்மாமார் சிரிப்பினம். "புதுசை ஏன் பழசாக்குறாய்?" என்று கேட்பினம். மொடல் கட்டுகிறவர்கள் இந்த வேலையை 'வெதரிங்' என்கிறார்கள். வெயில், மழை, தூசி, புகை, எண்ணெய், சப்பாத்துக்கால் எல்லாம் ஒரு விமானத்தில் விட்டுப்போகும் தடயங்களைத் தூரிகையாலும் பஞ்சாலும் கொண்டுவருவதுதான் அது.

கிரவீனில் எங்கள் வீட்டுக் கராஜில் ஆறு வருடமாக இதைச் செய்கிறேன். கடைசி இரண்டு வருடமாகப் பத்து வயது மகளும் பக்கத்தில் இருக்கிறாள். என்னைப் போல இங்கே வளர்ந்து, இங்கே பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையைத் திரையிலிருந்து எழுப்ப நல்ல பொழுதுபோக்கு இது. ஆனால் போர் விமானம் என்று வந்தால் எங்கள் வீடுகளில் வேறொரு கதையும் கூடவே வரும். இரண்டையும் பார்ப்போம்.

உரிவதற்கும் ஒரு காரணம் வேண்டும்

கையில் வெள்ளி நிறம் கிடைத்தவுடன் விமானம் முழுக்கப் புள்ளி வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை வரும். பார்க்கிறவருக்கு அது பழைய விமானமாகத் தெரியாது, அம்மை போட்ட விமானமாகத்தான் தெரியும். வெதரிங்கின் முதல் விதி ஒன்றுதான். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும்.

இதைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தப் புத்தகம் தேவையில்லை. ரயில் நிலையக் கார் தரிப்பிடத்தில் ஒரு சுற்று நடந்தால் போதும். பழைய கார்களில் கூரையும் பொனட்டும்தான் முதலில் வெளுத்துத் தோல் உரியும். கதவுகள் அவ்வளவு கெடாது, ஏனென்றால் மேற்கு சிட்னி வெயில் மேலிருந்து விழுகிறது. வீட்டுக்கு வந்து இடியப்ப உரலைப் பாருங்கள். கை அழுத்தும் இடம் மட்டும் மினுங்கும். நான் வேலையில் பார்க்கிற லொக் கோப்புகளும் இப்படித்தான். என்ன நடந்தது என்று அவை கதை எழுதி வைப்பதில்லை. தடயத்தை மட்டும் விட்டுப்போகும், நாங்கள்தான் வாசிக்க வேண்டும்.

இப்போது ஒரு உண்மை விமானத்துக்கு வருவோம். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்தவை பிரித்தானிய விமானப்படையின் 261-வது படையணியின் ஹரிக்கேன்கள். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும், அதனுடன் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் மூழ்கடிக்கப்பட்டன. எங்கள் ஊர்க் கடலும் இந்த நாட்டு வரலாறும் சந்திக்கும் நாள் அது. நாங்கள் முதலில் ஹரிக்கேன் கட்டியதற்கு அதுதான் காரணம்.

ஹரிக்கேனில் விமானி இடது பக்கத்தால்தான் ஏறுவார். அதனால் இடது இறக்கையின் அடிப்பக்கத்தில், உடலோடு சேரும் இடத்தில், சப்பாத்துத் தேய்ச்சல் கூடுதலாக இருக்கும். வலது பக்கத்தையும் அதே அளவு உரித்தால் கதை பிழைக்கும். எஞ்சின் மூடிகளைப் பராமரிப்பாளர்கள் அடிக்கடி கழற்றிப் பூட்டுவார்கள், ஆகவே அந்த விளிம்புகளிலும் திருகாணிகளைச் சுற்றியும் பெயின்ட் போகும். இறக்கையின் முன்விளிம்பைத் தூசியும் மணலும் அரித்துவிடும். புகைபோக்கிக்குப் பின்னால் உடலோடு ஒட்டிப் புகைக்கறை ஓடும். எரிபொருள் கலவை கூடினால் அது கறுப்பாக இருக்கும், குறைந்தால் சாம்பலும் மங்கிய மண்ணிறமுமாக இருக்கும்.

மகளுக்குப் பிடித்தது துப்பாக்கித் துளைகள். தூசி போகாமல் இருக்க அவற்றின் மேல் சிவப்புத் துணி ஒட்டியிருப்பார்கள். சுட்டவுடன் அது கிழிந்துவிடும், பின்னால் இறக்கையில் கரி படியும். துணி முழுசாக இருந்து கரியும் படிந்திருந்தால் அது பொய். "அப்பா, இந்தப் பிளேன் இன்னும் சுடேல்ல" என்று அவளே சொல்லிக் கரியைத் துடைத்துவிட்டாள். பத்து வயதில் ஆதாரம் பார்த்து யோசிக்கப் பழகுவது எவ்வளவு நல்லது!

பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

அடுத்த கேள்வி இது. ஹரிக்கேனின் உடலின் பின்பாதி உலோகத் தகடு இல்லை. மரச்சட்டங்களுக்கு மேல் இழுத்துக் கட்டிப் பூச்சுப் பூசிய துணி. அந்த இடத்தில் வெள்ளிக் கீறல் வரவே வராது. வெளுக்கலாம், அழுக்காகலாம், கிழிந்தால் ஒட்டுப் போடலாம். அவ்வளவுதான்.

இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேங்க்ஸ்டவுனில் இருந்த டி ஹவிலண்ட் தொழிற்சாலை 212 மொஸ்கிட்டோ விமானங்களைக் கட்டியது. மொஸ்கிட்டோ பெரும்பாலும் மரம். மெல்லிய ஒட்டுப்பலகைகளுக்கு நடுவில் பால்சா மரம் வைத்து ஒட்டி, அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி போர்த்திப் பூச்சுப் பூசுவார்கள். அந்தத் துணி வகைக்கு மடப்பொல்லம் என்று பெயர். ஆந்திராவில் கோதாவரி கடலோடு சேரும் பக்கத்தில், நரசாபுரத்துக்கு அருகே இருந்த ஒரு நெசவு ஊரின் பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்தில் அங்கிருந்து போன துணி, ஊர்ப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. தென்னிந்திய நெசவாளரின் ஊர்ப் பெயர் சிட்னியில் கட்டிய போர் விமானத்தின் தோலில் இருந்தது என்று பிள்ளைக்குச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

ஆகவே மொஸ்கிட்டோவின் இறக்கையில் வெள்ளி உரிசல் வைக்கக்கூடாது. எஞ்சின் மூடி போன்ற உலோகப் பகுதிகளில் மட்டும் வைக்கலாம். ஜப்பானிய விமானங்களிலும் இதே பாடம் உண்டு. கடற்படையின் சீரோ விமானங்களுக்குப் பொதுவாக நல்ல அடிப்பூச்சு இருந்ததால் பெயின்ட் பிடித்து நின்றது. தரைப்படை விமானங்கள் பலவற்றில் வெறும் உலோகத்தின் மேல் போர்முனையிலேயே பச்சை அடித்தார்கள். அது செதில் செதிலாகக் கழன்றது. சுவருக்குப் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் என்ன நடக்கும் என்று வீடு திருத்தினவர்களுக்குத் தெரியும்தானே.

ஒரு சின்னக் கணக்கு

ஆரம்பிக்க நல்ல அளவு 72-இல் ஒரு பங்கு. ஹரிக்கேன் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் இறக்கை விரிவோடு உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதாக வரும். இந்த அளவில் 2 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று வைத்தால் உண்மை விமானத்தில் அது 144 மில்லிமீட்டர். ஒரு கை அகலத்துக்கும் மேல் பெயின்ட் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு சென்டிமீட்டர் கீறலைக் காட்ட வேண்டுமென்றால் 0.14 மில்லிமீட்டர் போதும். தூரிகையால் அது முடியாத காரியம். அதனால்தான் பஞ்சும் பென்சிலும் தேவைப்படுகின்றன. பெருக்கலும் விகிதமும் ட்யூஷன் இல்லாமலே பிள்ளைக்குப் பழகும்.

எப்படிச் செய்வது?

எங்கள் வீட்டு ஒழுங்கு இது. எயார்பிரஷ் இல்லாமலே தொடங்கலாம்.

ஒட்டி முடித்து, மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, பிரைமர் அடியுங்கள். உலோகம் தெரியப்போகும் இடங்களில் அலுமினிய நிறம் பூசி நன்றாகக் காயவிடுங்கள். அதன் மேல் சாதாரண ஹெயார் ஸ்ப்ரே ஒரு மெல்லிய படை. அது காய்ந்த பிறகு மேல் நிறத்தை அக்ரிலிக்கில் மெல்லிதாக அடியுங்கள். அரை மணி நேரம் போல விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சொரசொரப்பான தூரிகையால் மெதுவாகத் தட்டினால், கீழே இருக்கிற ஹெயார் ஸ்ப்ரே கரைந்து மேல் நிறம் சின்னச் சின்னத் துண்டாகக் கழன்று வரும். யாரும் கையால் கீற முடியாத இயல்பான வடிவம் அப்போதுதான் கிடைக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் இலகுவான வழி பஞ்சு. பொதி பண்ண வருகிற கடற்பஞ்சில் ஒரு துண்டைக் கிழித்து, வெள்ளி நிறத்தில் தோய்த்து, கடதாசியில் முக்கால்வாசியை ஒற்றி எடுத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் தட்டட்டும். இறுதிக் கீறல்களுக்கு வெள்ளிப் பென்சில் போதும்.

பிறகு மினுக்கு வார்னிஷ் ஒரு படை. அதன் மேல் நன்றாக ஐதாக்கிய கடும் மண்ணிறத்தைத் தகடுகள் சேரும் கோடுகளில் ஓடவிட்டு, காயும்போது காற்று ஓடும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைக்க வேண்டும். கறை எப்போதும் அந்தத் திசையில்தான் இழுபடும். மேற்பக்கம் அடிப்பக்கத்தை விட வெளுத்திருக்க வேண்டும். அதற்கு அதே நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து, நடுப்பகுதிகளில் புகைபோலத் தடவலாம். மங்கல் வார்னிஷ் அடித்து, கடைசியாகச் சோக்குப் பாஸ்டலைச் சுரண்டிய தூளால் புகையும் தூசியும் வைப்போம்.

பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளை தொடுவது தண்ணீரில் கழுவுகிற அக்ரிலிக் மட்டும். எனாமலும் தின்னரும் பெரியவர் வேலை. கதவு திறந்திருக்க வேண்டும், ஆவியைத் தடுக்கிற முகமூடி போட வேண்டும். ஹெயார் ஸ்ப்ரே தீப்பற்றும், ஹீட்டர் இருக்கிற அறையில் வேண்டாம். பாஸ்டல் தூளை வாயால் ஊதக் கூடாது. கடும் வெயில் நாளில் கராஜுக்குள் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். 2020 ஜனவரி 4 பென்ரித்தில் 48.9 பாகை வந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி வெக்கையில் பெயின்ட் மொடலில் படுவதற்கு முன்பே காய்ந்து மண் தூவினது மாதிரி ஆகிவிடும்.

புக்காரா பெட்டி

போன வருடம் மகளின் பிறந்தநாளுக்கு வகுப்புத் தோழி ஒருத்தி மொடல் பெட்டி ஒன்று கொடுத்தாள். இரண்டு எஞ்சின், நீண்ட மூக்கு, பெட்டிப் படத்தில் ஆர்ஜென்டீனக் கொடி. 1982 ஃபோக்லண்ட் போரில் பறந்த விமானம். மொடல் உலகத்தில் அதற்கு அந்த ஒரு கதைதான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் பார்த்தா.

"உது புக்காரா எல்லோ?"

ஓம், புக்காராதான். 1990களின் முற்பகுதியில் இலங்கை விமானப்படை ஆர்ஜென்டீனாவிடம் வாங்கியது. அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் விமானங்களைப் படத்தில் பார்த்துப் பழகவில்லை. சத்தத்தை வைத்தே எது வருகுது என்று சொல்லுவினம். வளவில் 'ட' வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்ட பங்கருக்குள் நானும் இருந்திருக்கிறேன். எனக்கு அப்போது ஏழு வயது. 1995 ஜூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் அப்போது பக்கத்தில் மானிப்பாயில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தோம்.

அம்மா இதைப் பற்றி வீட்டில் கதைப்பதே இல்லை. அன்றைக்கு மகள்தான் கேட்டாள். "அப்பம்மா, பிளேன் வந்தா நீங்கள் எங்க ஒளிச்சனீங்கள்?" அம்மா கதிரையில் இருந்து, பங்கர் எப்படி வெட்டுகிறது, மழைக்குத் தண்ணி நிறைந்தால் என்ன செய்கிறது, பாம்புக்குப் பயந்து யார் இறங்க மாட்டார் என்று அரை மணி நேரம் சொன்னா. நவாலியைப் பற்றி ஒரே ஒரு வசனம்தான். "சத்தம் கேட்டது, பிறகு ஆக்கள் ஓடி வந்தினம், பிள்ளை." மிச்சத்தைச் சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை.

எங்களில் பலர் இந்தக் கேள்வியை இரண்டு வழியில் கடந்துபோகிறோம். ஒன்று, போர் சம்பந்தப்பட்ட எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை. அல்லது, விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டுவிடுகிறோம். முதலாவதில் பிள்ளைக்கு வரலாறு இல்லை. இரண்டாவதில் வரலாறு இருக்கிறது, ஆட்கள் இல்லை. அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு எங்கள் மேசைக்கு மேல் மூன்று கேள்விகளை எழுதி ஒட்டினோம். எந்த விமானத்தைக் கட்டினாலும் முதலில் அவற்றுக்கு விடை தேட வேண்டும்.

இது எந்த நிலத்தில் நின்றது?
இதில் யார் கை, கால் பட்டது?
இது பறந்தபோது கீழே யார் இருந்தார்கள்?

முதல் இரண்டுக்கும் விடை பெயின்டில் தெரியும். தூசியின் நிறம் நிலத்தைச் சொல்லும், தேய்ச்சல் ஆட்களைச் சொல்லும். மூன்றாவதற்கு மட்டும் விமானத்தில் எந்தத் தடயமும் இருக்காது. எவ்வளவு நுணுக்கமாக வெதரிங் செய்தாலும் கீழே இருந்தவர்கள் அந்த மொடலில் வரமாட்டார்கள். அவர்களை யாராவது வாயால்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புக்காரா பெட்டி பிரிக்காமல் மேல் தட்டில் இருக்கிறது. கட்டுவதா இல்லையா என்று மகள் வளர்ந்த பிறகு அவளே முடிவெடுக்கட்டும்.

பலாலி மண்ணின் நிறம்

இப்போது மேசையில் இருப்பது லிபரேட்டர், நான்கு எஞ்சின் விமானம். 72-இல் ஒரு பங்கு அளவிலும் இறக்கை 46 சென்டிமீட்டருக்கு மேல் வரும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் பலாலியில் விமானத்தளம் அமைத்து, அதைக் காங்கேசன்துறைத் தளம் என்று அழைத்தார்கள். 160-வது படையணியின் லிபரேட்டர்கள் சில காலம் அங்கிருந்து கடலுக்கு மேல் பறந்தன.

முதல் கேள்விக்கு விடை தேட நாங்கள் வெகுதூரம் போகத் தேவைப்படவில்லை. அம்மா வலிகாமம் வடக்கில் பிறந்தவர். 1990-இல் இடம்பெயரும் வரை வெங்காயமும் புகையிலையும் செய்த தோட்டம் அந்தப் பக்கம்தான். பிறகு அந்த நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், இன்னும் திரும்பிப் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

சக்கரங்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் வைக்க மகள் பாஸ்டல் தூளில் மூன்று சிவப்புக் கலந்து வைத்து, அப்பம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா விரலால் தொட்டுப் பார்த்தா.

"இது காஞ்ச மண். நல்லா இருக்கு. ஆனா மழை பெய்தா இப்பிடி இராது. கடும் சிவப்பா, காலில ஒட்டிப் பிடிக்கும். துவைச்சாலும் உடுப்பால போகாது."

தோட்டத்தில் கிடந்த உடைந்த ஓட்டுத் துண்டைத் தேய்த்துத் தூளாக்கி அதோடு கலந்தோம். அம்மா தலையாட்டினா. சக்கரத்தில் ஈர மண்ணின் நிறம், வயிற்றில் காய்ந்த தூசி, மேலே வெயிலில் வெளுத்த பெயின்ட். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத நிறம் அது.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகச் சில இடங்கள். கன்பராவில் அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கும் பி7973 என்ற ஸ்பிட்ஃபயர், போர்க்காலப் பெயின்டோடு உலகில் மிஞ்சியிருக்கிற மிகச் சில ஸ்பிட்ஃபயர்களில் ஒன்று. உண்மைத் தேய்ச்சலைப் படிக்க அதைவிட நல்ல பாடம் இல்லை. அங்கே கட்டட வேலைகள் நடப்பதால் எது காட்சியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். சிட்னிக்குத் தெற்கே அல்பியன் பார்க்கில் ஹார்ஸ், வடக்கே வில்லியம்டவுனில் ஃபைட்டர் வேர்ல்ட், மெல்பேர்ன்காரருக்குப் பொயின்ட் குக் விமானப்படை அருங்காட்சியகம். டார்லிங் ஹார்பரில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கும் வம்பயர், மட்டக்களப்பில் மூழ்கிய கப்பலின் பெயரைத் தாங்கிய அடுத்த கப்பல். அதில் ஏறும்போது இந்தக் கதையைச் சொல்ல மறக்காதீர்கள்.

தொடங்க அதிகம் செலவில்லை. சின்ன ஹரிக்கேன் கிட், நாலைந்து அக்ரிலிக் போத்தல், இரண்டு தூரிகை, ஒரு கடற்பஞ்சு. எங்களுக்கு முதல் தடவை அறுபது டொலருக்குள் முடிந்தது. மூன்று கேள்விகளுக்கும் ஒரு துண்டுக் கடதாசி எடுத்து வையுங்கள். வீட்டில் அப்பம்மாவோ அம்மப்பாவோ இருந்தால் அவர்களுக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போடுங்கள். தேத்தண்ணியோடு வந்து இருந்தால் போதும், கதை தானாக வரும்.